டீசல் டேங்க் பக்கத்து நட்டு

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பொம்மசந்திராவில் எங்கள் லாரி ஷெட்டில் போன வாரம் சின்னதாக ஒன்று நடந்தது. டீசல் டேங்கைப் பிடித்திருக்கும் பட்டையில் ஒரு நட்டு துருவேறி இறுகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஆதிகேசவன் அண்ணன் எண்ணெய் விட்டுத் தட்டினார். ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி இழுத்தும் பார்த்தார். அசையவில்லை.

"எண்ணெயில ஊறட்டும் சார், காலைல வந்துடும்" என்று ஓனரிடம் சொன்னார்.

"அதெல்லாம் ஆகாதுப்பா. வண்டி சாயங்காலமே போகணும். கேஸ் வச்சுக் காய்ச்சு" என்றார் ஓனர்.

அண்ணன் காய்ச்சினார். நட்டு கழன்றது, கூடவே தீயும் பிடித்தது. கையில் லேசான காயம் என்றுதான் எங்களைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனைவி ஆஷா அக்கா இன்னும் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே விடவில்லை.

அந்த கேஸ் டார்ச்சை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இனி டேங்க் பக்கம் காய்ச்ச வேண்டாம், ஊறவைப்போம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"பயமா இருந்தா ஊருக்குப் போயிடு குணா" என்றார் ஓனர்.

பீரோவில் இருக்கும் என் முழுக்கைப் பருத்திச் சட்டைகளை உடனே பார்சலில் அனுப்பு. பாலியஸ்டர் வேண்டாம். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டேன். எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் வை. இங்கே எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை.

டேங்கர் ஒன்று வந்து நிற்கிறது. ஓனர் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

உன்
குணசேகர்