வன்தட்டின் வேகத்துக்காகச் சிறைப்பட்டவர்

நெடுவயல் நாட்டின் ஏழு ஏரிகளும் நிறைக. எல்லைக் காவலரின் வேல்கள் உறையில் உறங்குக. அரசி செங்கழுநீர்த் தேவியாரின் தலைமை அமைச்சன் காரி அடிகன், கல்மதில் கோட்டைத் தலைவர் ஏனாதி தித்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலமே விளங்குக.

ஆவணச்சாலைக் கணினிகளைப் பேணிவந்த நன்முல்லையார் உம் சிறையில் இருக்கிறார். நாளை மறுநாள் அவரை நாடு கடத்தும்படி உமக்கு ஆணை வந்திருக்கும். வெள்ளம் புகுந்த ஒன்பது ஊர்களின் நிலப் பத்திரங்களை ஒரே நாளில் எடுத்துத் தராமல் ஏழு நாள் இழுத்தடித்தார், அதற்குள் அந்நிலங்களில் அயலார் புகுந்து வேலியிட்டனர் என்பது அவர்மீது குற்றம். சாட்டியவன் யானே.

பத்திரங்களைப் பதிந்து வைத்த புதிய வன்தட்டின் பெட்டியில் நொடிக்கு இருநூறு மெகாபைட் என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பி, ஒரே நாள் போதும் என்று அவையில் அறிவித்தேன். அந்த வேகம் நீளமான ஒரே கோப்பை நேராகப் படிக்கும்போது வருவது, பத்திரங்களோ சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள், ஐம்பதுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டா என்று அவர் எழுந்து சொன்னார். சோம்பலுக்கு இத்தனை நீளமான பெயரா என்று கேட்டேன். அவை சிரித்தது.

இன்னொன்றும் செய்தேன். முதலில் வந்த மனுவே முதலில் கேட்கப்படும் என்பது நம் நாட்டு நெறி. கருவிக்கும் அது பொருந்தும் என்று கருதி, கோப்புக் கோரிக்கைகளை, அவை தட்டில் இருக்கும் இடம் பார்த்து முன்பின்னாக அடுக்கும் வசதியை வன்தட்டின் கன்ட்ரோலரில் நிறுத்தச் செய்தேன். படிக்கும் முனை தட்டின் ஓரத்துக்கும் நடுவுக்கும் அலைந்தே நேரம் போக்கியது. அதற்கு முந்தியவர் பிந்தியவர் தெரியாது, அருகில் உள்ளதை முதலில் எடுக்க விடுங்கள் என்று நன்முல்லையார் மும்முறை எழுதினார். மூன்று மனுக்களும் என் மேசையில் முறைப்படி காத்துக் கிடந்தன.

நேற்று ஆவணச்சாலையில் அமர்ந்து யானே சோதித்தேன். என் நெறிப்படி நொடிக்கு முப்பது. வசதியைத் திரும்பத் தந்ததும் ஐம்பத்திரண்டு. பெட்டியின் இருநூறு ஒருபோதும் வரவில்லை.

அரசியாரிடம் அனைத்தையும் உரைத்துத் தண்டனையை நீக்கப் பெற்றேன். வேலிகளை அகற்றும் ஆணையும் இன்றே புறப்பட்டது.

ஆதலால், ஓலை கண்டதும் அவர் விலங்கைக் களைக. பணிக்குத் திரும்ப வற்புறுத்தற்க. எஞ்சிய ஊர்களின் பத்திரங்களுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை மட்டும் பணிவுடன் கேட்டு எழுதுக. அவர் சொல்லும் எண்ணை ஒன்றும் குறைக்காமல் அவையில் யான் வாசிப்பேன்.

நெற்கதிர் இலச்சினை பொறித்தோம். இவ்வோலையை நன்முல்லையார் முன் நின்று, காவலர் கேட்க, உரக்கப் படிப்பீராக. பிழை எமதே. இது ஆணை.