கொட்டகைக்கு மேல் நாலு வட்டம்

மார்ச் 3, திங்கள்
காலை ஏழு பத்துக்கு மறுபடியும் அதே கூத்து. ஓடுபாதை காலியாகும்வரை இறங்காமல், எங்கள் கோழிக் கொட்டகைக்கு மேலேயே நாலு வட்டம் போட்டது விமானம். மிரண்ட குஞ்சுகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. நானும் இவரும் ஓடிப் பிரித்துவிடுவதற்குள் அடியில் கிடந்தவை மூச்சு முட்டிச் செத்துப்போயின. வாளி வாளியாக அள்ளினேன். இப்படியே போனால் கோழிக் கம்பெனிக்காரன் அடுத்தமுறை குஞ்சு இறக்கமாட்டான். பதினாறு வருடத்துக் கொட்டகை. பூட்டிப்போடவா கட்டினேன்?

மார்ச் 4
விமான நிலையத்துக்கு மனு எழுதி அனுப்பிவிட்டேன். "ஆகாசத்துல போறவன்கிட்ட என்ன சண்டை அம்மணி?" என்கிறார் இவர். திருமூர்த்தி என்று பேர் வைத்தால் ஆயிற்றா, கொஞ்சம் வீறாப்பு வேண்டாமா?

மார்ச் 13, வியாழன்
சத்தம் அளக்கும் கம்பெனியிலிருந்து ரவிக்குமார் என்பவர் கருவியோடு வந்தார். வீடு தேடி வந்தவரை வெயிலில் நிற்கவைப்பதா? உள்ளே உட்காரவைத்து, சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றினேன். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று நான் விடவில்லை. அவர் கை கழுவுவதற்குள் இரண்டு விமானம் சுற்றிப் போய்விட்டது. கருவி மேசைமேல் தேமே என்று ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 24
கடிதம் வந்தது. சத்தம் வரம்புக்குள்தான் இருக்கிறதாம்.
எங்க அளந்தது? எங்கூட்டுக்குள்ள, கதவச் சாத்திப்போட்டு! கெரகம். உபசாரம் பண்ணியே கெட்டேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கோணும்.
விடமாட்டேன். மறுபடி அளக்கச் சொல்லி எழுதியாயிற்று.

ஏப்ரல் 9, புதன்
ஏழு மணிக்கு முன்பே ரவிக்குமார் வந்தார். செருப்பைக் கழற்றப் போனவரைத் தடுத்தேன்.
"சோறு தண்ணியெல்லாம் அப்பறமுங்க. மொதல்ல கொட்டகைக்கு வந்து அளந்துபோடுங்க."
வந்தவரைப் பசியோடு நிற்கவைத்தது இதுதான் முதல்முறை. ஆனாலும் நிற்கவைத்தேன்.
ஏழு பத்து. அவர் ஏதோ கேட்டார். வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. கோழிகள் மூலைக்குப் பாய்ந்தன. மனுசன் கருவியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு எங்களோடு உள்ளே இறங்கினார். எல்லாவற்றையும் பிரித்துவிட்ட பிறகுதான் இலை போட்டேன்.

மே 6
புது அளவில் சத்தம் வரம்பைத் தாண்டியதால், இங்கே வட்டம் போடுவதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு வாரமாக வானம் சும்மா இருக்கிறது. புதுக் குஞ்சுகள் கொட்டகை முழுக்கப் பரவித் தின்கின்றன. ஜெயித்துவிட்டேன்!

ஜூன் 17, செவ்வாய்
பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விமலாராணி என்று ஒரு டீச்சர், ரவிக்குமாரிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தார்.
"ஏனுங்க அக்கா, அந்த வட்டத்த இப்ப எங்க பள்ளிக்கூடத்து மேல போடறாங்க. நான் சொல்லித் தர்றது பிள்ளைங்களுக்குக் கேக்கறதே இல்லீங்க. நீங்க என்ன பண்ணுனீங்க?"
குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது. எங்கள் தலைமேல் வேண்டாம் என்றேன். பிறகு யார் தலைமேல் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே.
"நமக்கு நிம்மதியாச்சு, உடு அம்மணி" என்கிறார் இவர். எப்படி உடறது?

ஜூன் 18
கொட்டகையை இவரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விமலாராணியின் மனுவில் அவர் கையெழுத்துக்கு அடுத்த கையெழுத்து என்னுடையது. எங்கள் ஊர்ப் பெயரையும் முழுசாக எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு வட்டத்தை எங்கள் தலைக்கே திருப்பினாலும் திருப்பட்டும்.