கீழே இறங்கினால் வீடு

என் செல்லக் கமலாக்கா,

முதலில் என்னை மன்னித்துவிடு. நம் வீட்டுச் சங்கதியைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். உன்னிடம் மட்டும்தான் ஓயாமல் பேசுவேன். நீ போன பிறகு அந்தப் பேச்சையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கெல்லாம் கரண்டு வந்துவிட்டது. இப்போது தேயிலைக் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு, பெரிய கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். உன் விரல் வேகத்துக்கு அது ஈடாகுமா? நான் பட்டம் வாங்கிவிட்டேன் அக்கா. ஈப்போவில் ஆசிரியை வேலை. பட்டமளிப்பு அன்று அம்மா என் கறுப்பு அங்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். போட்டோ எடுக்கும்போது மட்டும் ஒதுங்கிக்கொண்டாள். "ஒருத்தியத் தொரத்தி விட்டவ நானு. இன்னொருத்தி பக்கத்துல என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டு அவள் இன்னும் வெளியே வரவில்லை. கோலா தெர்லாவிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நீ வேண்டாம் என்றாய். அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: "புடிக்கலன்னா எங்கியாச்சும் போய்த் தொலைடி!" நீ கூடையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் காட்டுப்பூ பறிக்க மேலே ஏறிப் போனாய். மத்தியானம் பனி இறங்கி மலையே தெரியாமல் மூடிக்கொண்டது. தேடிப் போனவர்கள் உன்னைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள்.

லயத்தில் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வழி தெரியாமல் போகுமா? கோபத்தில் தானாகக் குதித்துவிட்டாள் என்று அவர்களே முடிவும் கட்டினார்கள். அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள்.

பினாங்கில் படிக்கும்போது, மலையேற்றப் பயிற்சி என்று ஒரு அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். ஓடி விளையாடக்கூடத் தெரியாத நான்! உன்னைக் கொண்டுபோன மலையைப் பற்றி எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று மட்டும் இருந்தது. சொல்லிக்கொடுத்த சிவம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், எதற்கெடுத்தாலும் கேலி. "கேமரன் மலைப் பொண்ணு லா இவங்க! நம்மளயெல்லாம் முதுகுல தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார். அன்று கான்வாஸ் சப்பாத்து வழுக்கி வழுக்கி, கடைசி ஆளாக மேலே போய்ச் சேர்ந்தவள் நான்தான்.

மெல்லக் கற்றுக்கொண்டேன். மூச்சு வாங்காமல் சின்ன அடியாக எடுத்து வைப்பது, ஈரவேரில் மிதிக்காமல் பக்கத்தில் மிதிப்பது, வரைபடத்தில் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் அங்கே மலை செங்குத்தாக விழுகிறது என்று புரிந்துகொள்வது.

ஒரு நாள் சிவம் எங்களைக் காட்டுக்குள் உட்கார வைத்துக் கேட்டார். "பனி மூடிருச்சு, பாத தெரியல. என்னா செய்வீங்க?"

அதுவரை வகுப்பில் வாயே திறக்காத நான் முந்திக்கொண்டு சொன்னேன். "கீழ எறங்குவேன். எறங்குனா ரோடு வந்துரும், லயமும் வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தேயிலைக்குள்ள அப்படித்தான் வரும் லா. எந்த நெரையில எறங்குனாலும் ரோட்டுல கொண்டுபோய் விடும். காட்டுல எறங்குனா ஓடைதான் வரும். ஓடை போய்ப் பள்ளத்துல விழும். நில்லுங்க. வந்த வழியே திரும்பி ஏறுங்க."

அக்கா, அந்த இடத்திலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளையில் தேயிலைக்குள் வழி தவறினால் அப்பா நமக்குச் சொன்னதும் அதுதானே? 'பயப்படாதீங்க, எறங்குங்க.' உனக்கு வழி தெரியாமல் இல்லை. தேயிலையின் வழி தெரிந்திருந்தது. காட்டின் வழியை யார் நமக்குச் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு ஒரு பயிற்சியையும் நான் விடவில்லை. மழையில், பனியில், திசைகாட்டியை மட்டும் நம்பி நடந்தேன். பிறகு என் பின்னால் ஆட்களை நடத்திப் போகவும் தேர்ச்சி பெற்றேன். போன வருஷம்தான் நம் மலைக்கு வரத் துணிச்சல் வந்தது. சிவத்தையும் இரண்டு தோழிகளையும் அழைத்துக்கொண்டு, நீ பூப் பறிக்கும் மேட்டுக்குப் போனேன்.

மேகம் வந்து மூடியது. அங்கே இரண்டு இறக்கம் பிரிகிறது அக்கா. ஒன்று சுற்றிக்கொண்டு போகும் பழைய பாதை. இன்னொன்று நேரே நம் லயத்தைப் பார்த்து இறங்குகிறது. நிற்கும்போதே கீழே மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. எவ்வளவு கிட்டத்தில்! நானே ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். சிவம் என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னைத் தூக்கி எடுத்த பள்ளம் அந்த இறக்கத்தின் முடிவில்தான் இருக்கிறது.

நீ எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாய்.

அன்றைக்கே வரைபடத்தைத் தரையில் விரித்து அம்மாவுக்குக் காட்டினேன். அவள் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்தினேன். அம்மா விரலை இழுத்துக்கொண்டாள்.

"நீ படிச்சவ. எம்மனசு ஆறணும்னு கத கட்டுற."

"கத இல்லம்மா. அக்கா நம்ம வீட்டப் பாத்துத்தான் எறங்கியிருக்கு."

"தொலைன்னு சொன்னது நானு. தொலைஞ்சு போயிட்டா. இதுல கோடு என்னா, காயிதம் என்னா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இத்தனை படித்து, இத்தனை மலை ஏறி, பெற்றவளை நம்ப வைக்க முடியவில்லை என்னால்.

இப்போது லீவு கிடைத்தால் மேலே வந்து நம் லயத்துப் பெண்களைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். "நடக்கச் சொல்லிக் குடுக்க டீச்சர் வந்துருச்சு லா!" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பனி வந்தால் நில், திரும்பி ஏறு என்று ஒவ்வொருத்தியையும் சொல்ல வைக்கிறேன். கால் நடக்கும்வரை இதை விடமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். செத்துப்போன அப்பா அடிக்கடி கனவில் வருவதாக அம்மா சொல்கிறாள். காலையில் எழுந்ததும் அவருக்குக் கோப்பி வைக்கிறாள். நீ மட்டும் ஒரு தரம்கூட வந்ததில்லையாம். உன் கோபம் தீரவில்லை என்று நினைக்கிறாள்.

என்னிடம் வர வேண்டாம் அக்கா. அம்மாவிடம் போ. எதையும் விளக்க வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, "பசிக்குதும்மா, சோறு போடு" என்று கேள். அது போதும்.

உன்னோடு பிறந்தவள்,
உன் தங்கச்சி வசந்தா