ஐந்தில் இரண்டு

அன்புள்ள நண்பனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பதைச் சென்ற வாரம் பள்ளி வராந்தாவிலேயே பார்த்துவிட்டேன். ஆய்வு அலுவலருக்குரிய வேகத்தில் நடந்துகொண்டிருந்தாய். கையை அசைத்தாய், மற்றொரு கையில், காதோடு ஒட்டினாற்போல் போன். நீ வந்துபோனதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சாப்பிடக் கூப்பிடாமல் விட்டீர்களே என்று உன் அண்ணி என்னைத்தான் பிடித்திருப்பாள். ஆகவே பேச வேண்டியதை எழுதுகிறேன். எழுத்தில் எனக்குக் குரல் உயராது.

முதலில் பள்ளிச் செய்தி. உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே இருந்த மரத்தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். எனக்கு அது இழப்புதான். இந்தப் பக்கம் அறிவியல் நடத்திக்கொண்டே உன் கணக்கையும் காதில் வாங்கிய காலம் அது. வரிசைகளுக்கிடையே நீ ஓயாமல் போய்வந்து பாடம் நடத்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் உனக்குப் ‘பெண்டுலம்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வைத்த பெயரை நீ மறந்திருந்தால் நல்லது. வகுப்பு இரைந்தால் ஆசிரியர் தன் குரலைத் தாழ்த்த வேண்டும், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே அவர்கள் அடங்குவார்கள் என்பதை எனக்குப் பயிற்சிக் கல்லூரி கற்பிக்கவில்லை. தட்டிக்கு அப்பாலிருந்து கற்றேன். “புரிஞ்சுதா” என்று ஒருபோதும் கேட்காதே, எல்லாத் தலையும் ஆடும். “இதை உன் தங்கச்சிக்கு எப்படிச் சொல்லித் தருவே” என்று கேள் என்பாய். இன்றுவரை அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

நம் முதல் ஆண்டில் ஒருநாள் ஆசிரியர் அறைக்குள் நீ வந்து விழுந்த கோலம் கண்ணிலேயே நிற்கிறது. பதற்றத்தில் அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி, விடை ஐந்தில் இரண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டாய். ஒரு சிறுமி எழுந்து, “கூட்டினா கூடத்தானே சார் செய்யணும்? இது பாதியைவிடக் குறைஞ்சுபோச்சே” என்று கேட்டுவிட்டாள். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு வரலைன்னு ஊரே சிரிக்கும், நான் வேலையை எழுதிக் கொடுத்துடறேன் என்று புலம்பினாய். தேநீர் வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் நீயாகவே வேறொரு தவறை வேண்டுமென்றே எழுதிவிட்டு, “வாத்தியார் இன்னைக்கு எங்க கோட்டை விட்டிருக்கேன்? புடிங்க பாக்கலாம்” என்றாய். தட்டியின் இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் பாடத்தை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பிறகு அதுவே உன் முறையாயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் தவறாக எழுதுவாய். அவர்கள் கத்துவார்கள், பெஞ்சைத் தட்டுவார்கள், தங்களுக்குள் மல்லுக்கட்டுவார்கள். ஏன் தவறு என்று காரணத்தோடு சொல்பவர் கைக்குச் சாக்பீஸ் போகும். நீ போய்க் கடைசிப் பெஞ்சில் மாணவனாக உட்கார்ந்துகொள்வாய். ஒவ்வோர் ஆண்டும் முதல் தவறு அந்த ஐந்தில் இரண்டுதான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்ட பிள்ளை ஒன்றைக்கூட உன் அறையில் நான் கண்டதில்லை.

இனி உன் அறிக்கை. விசாரணைக் குழுவில் மூத்த ஆசிரியன் என்ற முறையில் நானும் இருப்பதால், தலைமையாசிரியை எனக்குப் படிக்கத் தந்தார். புதிய கணக்கு ஆசிரியையின் வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. கரும்பலகையில் பின்னக் கூட்டல் தவறு. மாணவர்கள் சுட்டிக்காட்டியும் உடனே திருத்தவில்லை. பாட அறிவு போதாது. பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்க இயலாது. நடையில் ஒரு குறையும் இல்லை. பாடவேளை பாதிகூட முடியாதபோது போன் வந்து எழுந்து போய்விட்டாய் என்பது மட்டும் அதில் இல்லை. நீ போனபின் ஒரு சிறுமி தவறைக் காரணத்தோடு பிடித்தாள். ஆசிரியை அவளிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, நீ எழுந்துபோன இடத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

அந்த ஆசிரியையை உனக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் உன்னிடம் படித்தவள். ஆய்வுக்கு நீ வருகிறாய் என்று கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு நடத்த வேண்டியது வேறு பாடம்; உனக்காகவே பின்னத்தை எடுத்தாள். “போர்டைப் பாத்ததும் சார் சிரிச்சிடுவாரு, பசங்களுக்கு முன்னாடி அவரே கையைத் தூக்கினாலும் தூக்குவாருன்னு அவரையே பாத்துக்கிட்டிருந்தேன்” என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு மரியாதையாக இருந்திராது.

நீ மறந்துவிட்டாயா, நினைவிருந்தும் எழுதினாயா என்று யோசித்தேன். மறந்திருந்தால் உனக்காக வருந்துவேன். மற்றதை யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

புதன்கிழமை விசாரணை. இந்த முறையை யாரிடம் கற்றாய் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று அவளைக் கேட்டேன். “நானா யோசிச்சதுன்னு சொல்லிடுவேன் சார். அவர் சொல்லிக் கொடுத்ததை வெச்சே அவரை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கறதா?” என்றாள். வேலை போனாலும் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். நான் அவ்வளவு நல்லவன் அல்ல, எல்லாவற்றையும் சொல்வேன். ஆனால் அதை என் வாயால் கேட்க நேர்வது அவளுக்கு இரண்டாவது அடியாக இருக்கும். நீ நேரில் வந்து அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள். இதை நான் உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது; தெரியவும் வேண்டாம்.

புதன்கிழமை வரை உனக்குத் தூக்கம் பிடிக்கக் கூடாது என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீ நீண்ட காலம் நலமாக இருந்து, இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
பக்கத்து வகுப்புக்காரன்