சும்மா இருக்கும்போதுதான் நிற்கிறது

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நின்றுவிட்டது. நான்காம் அத்தியாயத்தைச் சேமித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைச் சூடாக்கப் போனேன். திரும்பி வந்தால் லேப்டாப் உறைந்து கிடக்கிறது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே வரி: டிஸ்க் இல்லையாம். பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்.எஸ்.டி. டிரைவ் வாங்கி நானே மாட்டி ஆறு நாள்தான் ஆகிறது!

பத்து நிமிடம் ஆறப்போட்டு மறுபடி போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

இந்த வீட்டில் என்னோடு நாள் முழுக்க விழித்திருப்பது இது ஒன்றுதான். இதுவும் இப்படி.

மார்ச் 4, புதன்

நிற்கவில்லை. விடாமல் தட்டியதில் பதினொரு பக்கம். இன்று வாய் திறந்து பேசியது கூரியர்காரரிடம் மட்டும்: "ஆமா, இந்த வீடுதான்."

மார்ச் 6, வெள்ளி

இரண்டு தடவை. ஒன்று, துணி காயப்போட மாடிக்குப் போனபோது. இன்னொன்று, ஒரு சொல் கிடைக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருந்தபோது.

மாதக் கடைசியில் மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று குடும்பத்தாருக்குச் சொல்லும் கையேடு. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் ஒப்புக்கொண்டேன்? அப்பாவை எப்படிப் புரட்டிப் படுக்கவைத்திருக்க வேண்டும் என்று இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் போய் இரண்டு வருடம் கழித்து.

மார்ச் 9, திங்கள்

டிரைவ் கம்பெனிக்காரர்கள் சொன்ன சோதனையை ஓட்டினேன். டிரைவின் உடல்நலம் நூற்றுக்கு நூறாம். எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு, டிரைவை அழித்து முதலிலிருந்து போட்டேன். அரை நாள் போயிற்று. குளித்துவிட்டு வந்து பார்த்தால் நின்றிருக்கிறது.

"என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்!" சத்தமாகவே கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும், இங்கே ஆள் இருக்கிறது என்றாவது தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

கடைக்கு எடுத்துப் போனேன். பழுது பார்க்கும் பெண் சின்னவள், பொறுமைசாலி. "டிரைவ்தான் கோளாறு, மாத்திக் குடுங்க" என்று எகிறினேன்.

"ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கலாம் மேடம். புதுசா வந்ததுமேலதான் எல்லாரும் முதல்ல பழியப் போடுவாங்க" என்று சிரித்தாள். அப்புறம், "வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"இல்ல."

யோசிக்கவே இல்லை. டக்கென்று வந்துவிட்டது. முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலையே பார்க்கிற அண்ணன், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறான்.

மார்ச் 11, புதன்

மேசை காலி. துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு நாளும் இடைவிடாமல் பெரிய பெரிய கோப்புகளை ஏற்றி இறக்கினார்களாம். ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். "டிரைவ்ல ஒண்ணுமில்ல மேடம்." நான்தான் கதை கட்டுகிறேனோ?

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணிவிட்டு டீ போடப் போனேன். நின்றது.

மார்ச் 13, வெள்ளி

ஏழாம் அத்தியாயம். "நோயாளியை ஒருவர் தனியாகத் தூக்க முயலக் கூடாது. குறைந்தது இருவர் தேவை." இதற்குமேல் கை ஓடவில்லை.

அண்ணனும் இதைத்தானே சொன்னான்? "உன்னால தனியாத் தூக்க முடியாதும்மா. அண்ணியாலயும் முடியாது, அவளுக்கே முதுகு சரியில்ல." சொல்லிவிட்டுத்தான் அப்பாவை அந்தப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தான். பத்தே வாரம். அப்பா போய்விட்டார். அத்தனை சொந்தக்காரங்க நிக்கறாங்க, அவன் முகத்துக்கு நேரா சொன்னேன் — நீதான் கொன்னேன்னு. அவன் தரையைப் பாத்துக்கிட்டே நின்னான். அப்படி என்ன வாய் எனக்கு? யாரு குடுத்தது அந்த வாயை?

அன்றோடு பேச்சு நின்றது. அவன் நிறுத்தினானா, நான் நிறுத்தினேனா? இன்றுவரை தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

பெரிதாக எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "அண்ணா, லேப்டாப்புக்குப் புது எஸ்.எஸ்.டி. போட்டேன். அடிக்கடி நிக்குது. கடையில நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

படித்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இல்லை.

மார்ச் 18, புதன்

மாலை நான்கு மணிக்குப் போன். எடுத்ததும், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"நீ வேலை செய்யும்போது நிக்குதா, சும்மா விட்டா நிக்குதா?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தெரியலையே என்றேன். "அவசரமில்ல, யோசிச்சு சொல்லு." இந்த நோட்டைத்தான் புரட்டினேன். சாப்பாடு, துணி, ஜன்னல், குளியல், டீ.

"சும்மா இருக்கும்போதுதான் ணா."

"அதான். கடையில அதைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்க, வேலை வாங்கிக்கிட்டே இருந்திருப்பாங்க. டிரைவ் நல்லாத்தான் இருக்கு. வேலை இல்லைன்னா கரண்ட் மிச்சம் பிடிக்கத் தூங்கப் போகுது. உன் லேப்டாப் பழசு, அதுக்கு இதை எழுப்பத் தெரியலை. தூங்க விடாம பண்ணிடலாம்."

எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கால்மணி நேரம். "சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான். 

மார்ச் 20, வெள்ளி

வேண்டுமென்றே ஆன் பண்ணி விட்டுவிட்டு மூன்று மணி நேரம் தெருத்தெருவாக நடந்தேன். வந்து தொட்டதும் ஓடியது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? வரவில்லை.

மார்ச் 25, புதன்

"ஓடுதா?" என்று கேட்டுப் போன் பண்ணினான்.

"அப்பப்ப நிக்குது ணா."

பொய். ஒரு வாரமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாவம், இன்னும் இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னான். வைக்கும்போது, "சாப்டியா?" என்றான்.

மார்ச் 30, திங்கள்

மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டேன். அண்ணன் கூப்பிட்டான். இன்னும் நிற்கிறதென்றால் ஒவ்வொரு தடவையையும் லேப்டாப்பே தேதி போட்டுப் பதிந்து வைத்திருக்குமாம், அதை அனுப்பச் சொன்னான். எனக்கு அது தெரியாது. வசமாக மாட்டிக்கொண்டேன். என்ன செய்ய? அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "பதினெட்டாம் தேதிக்கு அப்புறம் ஒரு தடவைகூட நிக்கலையே."

"ஆமா ணா."

 திட்டப்போகிறான் என்றே நினைத்தேன்.

"எதுக்கும் நேர்ல வந்து ஒரு தடவை பாத்துடறேன். ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியா?"

ஏப்ரல் 5, ஞாயிறு

பத்தரைக்கு வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காரச் சொல்வதற்குள் லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்துவிட்டான். டிரைவைக் கழற்றினான், ஊதினான், திரும்ப வைத்தான். நான் டார்ச் அடித்தேன்.

"ணா, அன்னிக்கு நான் சொன்னது —"

"டார்ச்சை ஆட்டாதே. திருகு கீழ விழுந்தா தேட முடியாது."

பிடித்துக்கொண்டேன். கடைசித் திருகை முடுக்கிவிட்டு, நிமிராமலே சொன்னான். "அந்தப் பத்து வாரமும் தினம் காலையில அப்பாவைப் போய்ப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஷேவ் பண்ணி விடுவேன். உன்கிட்ட சொல்லலை." எனக்குத் தெரியாது. இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐந்து மணிக்குக் கிளம்பினான். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழக்கம் விட்டுப்போனதில் உப்பு கூடிப்போயிருந்தது. வாயில் வைக்க முடியவில்லை என்று மூன்று தடவை சொல்லிக்காட்டிவிட்டு, மீதியை டப்பாவில் போட்டு அண்ணிக்கு எடுத்துக்கொண்டு போனான்.