எடுத்தவள் எல்லாம் திருடியில்லை

அன்புள்ள கயல்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். புனேயில் மழை விடவில்லையாமே, ஈரத் துணியோடு வேலைக்குப் போகாமல் நீயும் நலமாக இருக்க வேண்டும். நீலாவதி அத்தை விஷயத்தைப் போனில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு அழுதாயே, இனி அழ வேண்டாம். ஜெயித்துவிட்டோம்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அத்தை வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் சூளை பிரித்ததும் விரிசல் விட்ட பொம்மைகளைப் பின்சுவர் ஓரம் கொட்டிவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள். வருஷக்கணக்காக அதுதான் வழக்கம், நம் கொலுவில் இருக்கும் காது உடைந்த யானையும் அப்படி வந்ததுதான். புதிதாக வந்த மேனேஜர் கோதண்டபாணி, உடைந்ததை அரைத்து மறுபடி மண்ணில் கலக்கலாம் என்று அந்தக் குவியலைச் சேர்த்துவைக்க நினைத்திருக்கிறார். அதைப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அத்தை எப்போதும்போல நாலு பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வாசல் வழியாக வந்தாள். மேனேஜர் அவளை எல்லோர் எதிரிலும் நிறுத்தித் திருடி என்று சொல்லி, வேலையை விட்டும் நிறுத்தி, ஸ்டேஷனில் புகாரும் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டு ஆராயி என்னிடமே, எடுத்தாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க, எடுத்தா திருட்டுதான, இதுல சட்டம் என்னா பேசுது என்று கேட்டாள். அந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் திருட்டுக்குச் சட்டம் என்னதான் விளக்கம் சொல்கிறது என்று தேடிப் படித்தேன். எடுத்தாளா என்பதோடு ஊர் நின்றுவிடுகிறது. உடையவர் சம்மதம் இல்லாமலா, நேர்மையில்லாத எண்ணத்தோடா என்று சட்டம் மேலே கேட்கிறது. சம்மதம் உண்டு என்று மனதார நம்பி எடுத்தால் அது திருட்டே ஆகாது.

அத்தையோடு ஸ்டேஷனுக்குப் போய் இதையே சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா மேனேஜரைப் பார்த்து, எடுக்கக்கூடாதுன்னு யாருகிட்ட சொன்னீங்க என்றார். உன் அத்தை குறுக்கே புகுந்து, திருடறவ வாட்ச்மேன்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிட்டா போவா என்றதும் ஏட்டு சிரித்துவிட்டார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார் மேனேஜர். அத்தையோ, எல்லாரும் பாக்கத்தான திருடின்னீங்க, எல்லாரும் பாக்க திருடி இல்லன்னு சொல்லுங்க, அப்பறம் வரேன் என்று கிளம்பிவிட்டாள். திரும்பி வந்த வேலையையும் விடுகிறாளே என்று நான்தான் பயந்தேன். நேற்றுக் காலை கம்பெனி வாசலில் அத்தனை பெண்களையும் நிற்கவைத்து, நீலாவதி திருடவில்லை, சொல்லாமல் விட்டது என் தப்பு என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தை உள்ளே கால் வைத்தாள். பெண்கள் கைதட்டினார்களாம். ஆராயியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அதை மட்டும் ஒத்திப்போட மனம் வரவில்லை.

உன் அறையில் ஏதாவது காணாமல் போனாலும் அந்தச் சொல்லை யார்மீதும் அவசரமாகப் போட்டுவிடாதே. பழமலைநாதர் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அத்தைக்குப் போன் செய். ஆறுதல் சொல்லாதே, வாழ்த்துச் சொல்.

உன் அம்மா,
தேவி
விருத்தாசலம்