அம்ரித்சர் பந்தியில் அகப்பட்ட உன் அப்பா

என் தங்கம் பவ்லீனுக்கு அம்மா எழுதுவது. குருவின் அருளால் நானும் உன் அப்பாவும் நம் எருமைகளும் சுகம், நீயும் அந்த எட்மன்டன் பனியில் காதை மூடிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டுச் சுகமாக இரு. உன் அண்ணன் மன்வீரின் கல்யாணத்தில் முறுக்கிக்கொண்டு போன குர்மேஜ் மாமா வராவிட்டால் உன் கல்யாணமே வேண்டாம் என்று போனில் அழுதாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன்னை டிராக்டரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் ஆயிற்றே, நீ கேட்பதில் என்ன தப்பு? தப்பெல்லாம் உன் அப்பாவுடையது. இரு வீட்டாரும் முறைக்கு ஒருவராக மாலை போட்டுக் கட்டித் தூக்கிக்கொள்ளும் மிலனியில், மைக்கைப் பிடித்து ஊரில் உள்ளவன் பெயரையெல்லாம் கூப்பிட்டவர் சொந்த அக்காள் புருஷன் பெயரை மறந்துவிட்டார். புது இளஞ்சிவப்புத் தலைப்பாகையோடு முன்னால் நின்ற மனிதர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். நாலு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, முதலில் பேசினால் இவருக்குக் கிரீடம் இறங்கிவிடுமாம்.

மாதப் பிறப்பு தோறும் மாமா அம்ரித்சர் பொற்கோயில் லங்கரில், அந்த அன்னதானப் பந்தியில், பரிமாறப் போகிறார் என்று அவர் பெண்டாட்டி நசீப் அத்தை என் காதில் போட்டாள். நான் ஒன்றும் தெரியாதவளாக, ஊர் சுற்றிப் பார்த்து வருவோம் என்று உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "எருமைய யாருடி கறப்பா, உன் அப்பனா?" என்று கத்தினாலும் தாடியைச் சீவிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். குளத்தில் முழுக்குப் போட்டோம், பொன் கூரையைப் பார்த்து உனக்காக வேண்டிக்கொண்டோம், கடைவீதியில் உனக்குப் பருப்பு வடகமும் அப்பளமும் வாங்கினேன். பசி பசி என்று பறந்தவரைப் பந்தியில் உட்கார வைத்தேன். பருப்பு விழுந்தது. அடுத்து ரொட்டிக் கூடையோடு வந்தது யார்? மாமாவேதான்! இவர் நிமிர்ந்து பார்த்தார், அவர் குனிந்து பார்த்தார். பாதிப் பந்தியில் எழுந்து போக முடியுமா, குரு வீட்டு ரொட்டியை வேண்டாம் என்று தள்ள முடியுமா? இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, ஆனால் முதலில் வாயைத் திறந்தால் தோற்றதாகிவிடுமே! மாமாவும் லேசுப்பட்டவரா, போய்ப் போய்த் திரும்பி வந்து ரொட்டி மேல் ரொட்டியாகப் போட்டார். மிச்சம் வைக்கக் கூடாதென்று இவரும் தின்றார், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் முக்காட்டுக்குள் சிரித்துச் சிரித்துச் செத்தேன்.

கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் மச்சான், வயிறு வெடிச்சிடும்" என்றாரே பார்க்கணும்! மாமா கூடையை இறக்கிவிட்டு, "வாய் வந்துச்சா உனக்கு? இந்த ஒரு வார்த்தைக்குத்தாண்டா நாலு வருஷமா காத்துக் கிடந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

வெளியே வந்ததும் உன் அப்பா ஒரு சாமந்தி மாலை வாங்கி, மன்வீர் கல்யாணத்தில் விட்டுப்போன பெயரை நடுத்தெருவில் மைக் பிடித்தவர்போல, "மாப்பிள்ளையோட அத்தை வீட்டுக்காரர், சர்தார் குர்மேஜ் சிங்!" என்று கூவினார். ரிக்‌ஷாக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாலையைப் போட்டுக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், தின்ற தீனிக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம். மாமா இவரை அலாக்காகத் தூக்கிவிட்டார். "இறக்குங்க மச்சான், எல்லாம் வெளிய வந்துடும்" என்று இவர் அலற, மாமா இறக்கிவிட்டு மாலையைச் சரிசெய்துகொண்டு, "இது ஒத்திகைதான். பவ்லீன் கல்யாணத்துல மைக்குல பேரு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மீசையை முறுக்கினார். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருவாரா மாட்டாரா என்று ஊர் திரும்பும்வரை உன் அப்பாவை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

இன்று காலை நசீப் அத்தை போன் செய்தாள். மன்வீர் கல்யாணத்தன்று அவிழ்த்து வைத்த அந்தத் தலைப்பாகையை மாமா தானே துவைத்துக் கஞ்சி போட்டிருக்கிறாராம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது, அதற்குள் மொட்டை மாடி முழுக்க இளஞ்சிவப்பாகக் காய்கிறதாம்.

இனிமேல் அழாதே கண்ணு, வேளைக்குச் சாப்பிடு. குருவின் கை உங்கள் இருவர் தலைமேலும் இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் மட்டும் மறக்காமல் சொல்லிவை, அவருடைய அத்தை வீட்டுக்காரர் மிலனியன்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், நம் மாமா தூக்கப்போகிறார்.

உன் கல்யாணக் கோலம் காணக் காத்திருக்கும் அம்மா,
தீதார் கௌர்